வேட்டையற்ற வேட்டைநாய்

நிகண்டு பாடஞ்செய்த மாணவன் ஒருவனை நிறுத்தி, நாய்க்குப் பெயர் யாவை என்று வினவினால், ஞமலி, ஞாளி, சுணங்கன், எகினம், சாரமேயம் என்று மூச்சு விடாமல் அடுக்குவான். ஞமலி என்பதைத் திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டாக உரையாசிரியர் காட்டுவர். நாயின் இளமைக்குக் குருளை என்பது மரபுப்பெயர் என்று தொல்காப்பியத்து மரபியல் விதிக்கும். அவ்விதியில் நாய் தனித்து நிற்கவில்லை. பன்றியும் புலியும் முயலும் அதனோடு ஒருங்கு நிற்கின்றன. வேட்டையாடும் விலங்கும் வேட்டையாடப்படும் விலங்கும் இலக்கணத்தில் ஒரே நிரையில் நிற்பது காண்க.

ஒரு பொருளுக்குப் பெயர் பல உளவாயின், அப்பொருளோடு மக்கள் நெருங்கி வாழ்ந்தனர் என்பது கருத்து. பழந்தமிழர் நாயோடு வாழ்ந்தனர், நாயைக்கொண்டும் வாழ்ந்தனர். கோவூர்கிழார் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றிலே, சினம் மிக்க நாயையுடைய வேட்டுவன் மான்தசை கொண்டுவந்து கொட்ட, உழவர் வீட்டுப் பெண்கள் அதற்கு மாறாக நெல்லை முகந்து கொடுக்கின்றனர். அந்த நெல்லில் ஒரு பங்கு நாயின் உழைப்பு அன்றோ? பெரியபுராணத்திலே திண்ணனார் வேட்டைக்குப் புறப்படும்போது நாய்களும் உடன் புறப்படுகின்றன. நாலடியாரோ யானையையும் நாயையும் சீர்தூக்கிப் பார்த்து, நெடுநாட் பழகிய பாகனைக் கொல்லும் யானையை விலக்கி, தன் உடம்பில் வேலெறிந்த தலைவனையும் அன்போடு நோக்கும் நாயையே நட்புக்கு உவமையாகக் கொள்கிறது.

இவ்வளவு புகழ் பெற்ற நாயே தாழ்மைக்கும் உவமையாயிற்று. மணிவாசகர் தம்மை நாயேன் என்று கூறிக்கொள்வர். எனினும், ஒழுங்கைதோறும் சூலம் நாட்டி வைரவரை வழிபடும் நம்மவர், அவருடைய வாகனம் எது என்பதை மறப்பதில்லை.

ஏட்டில் மாத்திரமன்றிக் கல்லிலும் நாய்க்கு இடமுண்டு. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்பது ஓர் ஊர். அங்குள்ள நடுகல் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டினது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் இறந்துபட, அவனுடைய நாய் கோவிவன் கள்வர் இருவரைக் கடித்துக் காத்துநின்றது என்பது அக்கல் கூறும் செய்தி. கன்னட நாட்டு ஆதகூரில் இருந்த கல் இன்னும் வியப்புக்குரியது. 949 ஆம் ஆண்டிலே தக்கோலத்தில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த போரில், எதிர்ப்பக்கத்தில் நின்று வீரஞ்செய்த மணலேரன் என்பவனை நோக்கி, வேண்டியதைக் கேள் என்றான் கங்க அரசன் பூதுகன். மணலேரன் ஊர் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை, காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டான். அந்தக் காளி பின்னர் ஒரு பெரும் பன்றியோடு பொருது, பன்றியும் தானுமாக மாண்டது. நாயும் பன்றியும் பொருதும் கோலத்தைக் கல்லிற் பொறித்து நாட்டினார்கள். அக்கல் இப்பொழுது பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோவிவனும் காளியும் பெயர் பெற்றது அழகினால் அன்று, செய்த தொழிலினால். அக்காலத்தார் நாயைத் தொழிலால் அறிந்தனர். நாம் நாயை இனத்தால் அறிகிறோம், விலையால் அறிகிறோம், தொழிலை மறந்துவிட்டோம். நாயோ மறக்கவில்லை. இக்கட்டுரை அந்த மறவாமையைப் பற்றியது.

ஒழுங்கையில் ஓர் ஓலம்

2022 ஆம் ஆண்டு, நாடெங்கும் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம். எங்கள் ஒழுங்கையில் வாழ்ந்த குடும்பம் ஒன்று வீட்டைப் பூட்டிக்கொண்டு கனடாவுக்குப் போயிற்று. அவர்கள் நல்லவர்கள். கொண்டுபோகத்தக்கதைக் கொண்டுபோனார்கள், விற்கத்தக்கதை விற்றார்கள். நாயொன்று எஞ்சியது. அதை உறவினர் ஒருவர் பொறுப்பில் விட்டார்கள்.

விசயனும் தோழரும் இலங்கைக் கரையில் இறங்கியபோது, நாய் ஒன்றைக் கண்ட தோழன் ஒருவன், நாய் இருப்பின் ஊர் இருக்கும் என்று துணிந்து அதன் பின்னே போனதாக மகாவம்சம் கூறும். அக்காலத்து அநுமானம் அது. எங்கள் ஒழுங்கையில் அந்த அநுமானம் பிழைத்துவிட்டது. நாய் இருந்தது, வீட்டில் ஆள் இல்லை.

உறவினர் நாளுக்கு ஒருதரம் துவிச்சக்கரவண்டியில் வந்து சோறு வைத்துவிட்டுப் போவார். நாய் மாமரத்தின் கீழே சிறு சங்கிலி ஒன்றில் நின்றது. சங்கிலி எட்டும் தூரத்தில் அது சுற்றிச் சுற்றி ஓடியதால், மரத்தைச் சுற்றிப் புல் செத்து, செம்மண்ணில் ஒரு வட்டம் விழுந்தது. இராப்பொழுதில் அது ஓலமிடும். குரைப்பு அன்று, நரியின் ஊளையும் அன்று, கழுத்தை நிமிர்த்தி நெடுமூச்சாக இழுக்கும் ஒரு தனிக்குரல். ஒழுங்கையார் நித்திரை கெட்டனர். விசர்நாய் என்றார் ஒருவர். வீட்டுக்கு ஆகாது என்றார் மற்றொருவர். உறவினரும் சலித்து, தூரத்து வெளி ஒன்றிற் கொண்டுபோய் விட்டுவிடப் போகிறேன் என்று சொன்னார்.

அன்று இராச் சோறு உண்ணும்போது என் மனைவி, "இஞ்சாருங்கோ, அந்தச் சீவனை இஞ்சை கொண்டுவாங்கோ. அது அழுகிறதைக் கேட்டுக்கொண்டு எனக்குச் சோறு இறங்குதில்லை" என்றாள். மறுநாட் காலையில் நான் போய்ச் சங்கிலியை அவிழ்த்தேன்.

மிருக வைத்தியர் பார்த்துச் சொன்னார்: பெண்நாய், வயது மூன்று இருக்கும், பத்துக் கிலோ இருக்கவேண்டியது 7 கிலோ இருக்கிறது, காதில் புண், கழுத்தில் சங்கிலித் தழும்பு, உடம்பெல்லாம் உண்ணி. இனம் எது என்றும் அவரே சொன்னார்: பீகிள் என்னும் ஆங்கில வேட்டைநாய்.

நான் அதற்கு ஞாளி என்று பெயரிட்டேன். நிகண்டில் உள்ள பெயர் ஒன்று நாவிலும் வழங்கட்டும் என்பது என் எண்ணம். ஒழுங்கைப் பிள்ளைகள் இரண்டே நாளில் அதை ஜூலி ஆக்கிவிட்டார்கள். நிகண்டு தோற்றது, ஒழுங்கை வென்றது. இரண்டு பெயருக்கும் அவள் வாலாட்டினாள்.

புயல் புகுந்த வீடு

காயம் ஆறியது, உடம்பு தேறியது. தேறிய உடம்பின் வலிமையை அதன்பின்னரே கண்டோம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுவாள். எழுந்தது முதல் நிற்கமாட்டாள். கிணற்றடி, மாட்டுக்கொட்டில், அடுக்களை வாயில் என்று மூக்கு போன வழியே கால் போகும். வேலியின் அடியைத் தோண்டி வெளியேறுவாள். கீரி ஒன்றின் தடம் கிடைத்தால் போதும்; பனங்கூடல் முழுதும் அளந்துவிட்டே திரும்புவாள். மூக்கு நிலத்தைத் தொட்டிருக்கும் வேளையில் எவர் அழைத்தாலும் அவளுக்குக் கேளாது. அவ்வளவு நீண்ட காது இருந்தும் கேள்வி இல்லை.

ஒரு நாள் மேசையிலிருந்த நன்னூற் காண்டிகையுரையை இழுத்துப்போட்டு, மட்டையோடு எழுத்ததிகாரத்தையும் குதறிவிட்டாள். அதைக் கேள்வியுற்ற என் பழைய மாணவன் ஒருவன், "ஐயா, எங்களால் முடியாததை அவள் செய்துபோட்டாள், நன்னூலைச் சுவைத்தது அவள் ஒருத்திதான்" என்றான்.

நகைப்பு அதனோடு நின்றது. அடுத்த கிழமை பக்கத்து வளவிற் புகுந்து இரண்டு கோழிகளைத் துரத்தினாள், ஒன்று செத்தது. கோழிக்குரியவர் படலையடியில் நின்று, "பண்டிதரையா, உங்களிலை மரியாதை இருக்கிறபடியாற் சொல்லுறன். அதைச் சங்கிலியிலை போடுங்கோ. இல்லாட்டி ஆருக்கேன் குடுத்துவிடுங்கோ" என்றார். கோழிக்கு விலை கொடுத்தேன். அவர் கூறியதிலும் நியாயம் இருந்தது. ஆயின், சங்கிலியிலிருந்துதான் அவள் வந்தாள். நோய்க்குக் காரணம் எதுவோ அதையே மருந்தாகக் கொடுத்தல் எங்ஙனம்? வைத்தியரிடம் மறுபடியும் போனேன். அவர் ஒரு வாக்கியந்தான் சொன்னார்: "அவள் என்னத்துக்கு உண்டாக்கப்பட்டவள் எண்டு முதல் படியுங்கோ."

எதற்கென்று உண்டானவள்

படிப்பு எனக்குப் பழகிய தொழில். படித்தேன்.

பீகிள் இங்கிலாந்திலே முயல் வேட்டைக்கென்று பேணி வளர்க்கப்பட்ட இனம். நரிவேட்டை நாயைக் குதிரையேறிப் பின்தொடர்வர். பீகிளைக் கால்நடையாகவே பின்தொடர்வர். ஆதலின் அது சிற்றுடம்பினது; உயரம் ஏறக்குறைய 33 முதல் 40 சதமமீற்றர் வரை. கூட்டமாக வேட்டையாடுவது, ஆகவே தனிமை பொறாது. கண்ணால் அன்றி மூக்கால் வேட்டையாடுவது; ஆகவே தலை நிலம் நோக்கியிருக்கும். அதன் வால் மேல்நோக்கி நின்று, நுனியில் வெண்மை பெற்றிருக்கும். புல்லுக்குள் நாய் மறைந்தாலும் வால்நுனி கொடிபோலத் தெரியவேண்டும் என்பதற்காக. முயலின் தடம் அகப்பட்டவுடன் அது நெடுங்குரல் எடுக்கும். பின்னே ஓடிவரும் வேட்டைக்காரன் தூரத்திலிருந்து அதைக் கேட்டுத் திசை அறியவேண்டும் என்பதற்காக.

இதைப் படித்தபோது மாமரத்தடி ஓலத்தின் பொருள் எனக்கு விளங்கிற்று. ஒழுங்கையார் விசர் என்றது விசர் அன்று. இங்கே இருக்கிறேன், வாருங்கள் என்று கூட்டத்தையும் தலைவனையும் அழைக்கும் தொழிற்குரல் அது. வருவதற்குத்தான் ஒருவரும் இல்லை.

மூக்கின் திறம் வியப்பினும் வியப்பு. மனிதனுடைய மூக்கில் மணம் அறியும் உயிரணுக்கள் ஏறக்குறைய 50 இலட்சம் என்றால், நாயின் மூக்கில் அவை 20 கோடிக்கு மேல் என்பர். உள்ளே செல்லும் காற்றில் ஒரு பகுதி மூச்சுக்கும் மற்றொரு பகுதி மோப்பத்துக்குமாகப் பிரிகிறது. வெளிவிடும் மூச்சு மூக்கின் பக்கத்துப் பிளவுகளால் வெளியேறுவதால், முன்னே கிடக்கும் மணம் கலையாமல் இருக்கிறது. நமக்கு வெறுமண்ணாகத் தோன்றும் முற்றம் அவளுக்கு எழுதி நிறைந்த ஏடு. இரவு எந்தக் கீரி எவ்வழி வந்தது, எந்தப் பூனை எங்கே நின்றது என்பதெல்லாம் அதில் வரிவரியாக இருக்கின்றன. ஏடு வாசிக்கப் பிறந்த ஒருவனை ஏடில்லாத அறையிற் பூட்டிவைத்தால் அவன் என்ன ஆவான்?

நம் நாட்டிற்கும் ஆங்கில வேட்டைநாய்கள் வந்ததுண்டு. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் வேட்டைநாய்க் கூட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, மலைநாட்டுக் காடுகளிலும் ஓட்டன் சமவெளியிலும் மரைகளைத் துரத்தி வேட்டையாடினார். அவர் பெயர் கொண்ட அருவி இன்றும் அங்கே வீழ்கிறது. அச்சமவெளி 1988 இல் தேசிய பூங்கா ஆயிற்று; இன்று அங்கே மரைகள் அஞ்சாமல் மேய்கின்றன. இலங்கையில் விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் 1937 இலேயே வந்தது. இங்கிலாந்திலும் நாயைக்கொண்டு முயலையும் நரியையும் வேட்டையாடுதல் 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டு, 2005 பெப்ரவரி 18 முதல் அவ்விலக்கு நடைமுறைக்கு வந்தது.

கொல்லாமையைப் போற்றும் நாம் இச்சட்டங்களை வரவேற்கிறோம். ஆனால் ஒன்றைக் கருதவேண்டும். சட்டம் மனிதனுடைய கையை நிறுத்தும். பல நூற்றாண்டாகத் தெரிந்தெடுத்துத் தெரிந்தெடுத்து நாயின் குருதியில் ஊட்டிய வேட்கையை நிறுத்தாது. வேட்டை ஓய்ந்தது, மூக்கு ஓயவில்லை. தொழிலுக்காக ஓர் உயிரை உண்டாக்கிவிட்டு, தொழிலை எடுத்துக்கொண்டு, உயிரை மாத்திரம் அழகுக்காக வைத்திருக்கிறோம். பின்னர் அது நிலத்தைத் தோண்டுகிறது, ஓலமிடுகிறது, அடங்குவதில்லை என்று குறை கூறுகிறோம்.

கொலையில்லா வேட்டை

இங்கிலாந்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. மணமுள்ள பொருள் ஒன்றை நிலத்தில் இழுத்துச் சென்று தடமிட்டு, நாய்க்கூட்டத்தை அத்தடத்தில் ஓடவிடுவர். முடிவில் முயல் இல்லை, உணவு இருக்கும். வேட்டை உண்டு, கொலை இல்லை. சைவ வீடொன்றில் வாழும் வேட்டைநாய்க்கு இதனினும் ஏற்றது வேறு யாது?

உணவு முதலில் ஒரு சிக்கலாகவே இருந்தது. எங்கள் அடுக்களையில் மச்சம் புகுவதில்லை. அவளோ முயலுக்கென்று பிறந்தவள். வளவின் கோடியில் மூன்று கல் வைத்து ஒரு தனியடுப்பு உண்டாக்கினோம். அங்கே பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் முட்டையும் சிறுமீனும் அவித்து, பூசணிக்காயும் சோறும் கலந்து வைப்பான். அடுக்களையின் ஆசாரமும் கெடவில்லை. அவளுடைய வயிறும் காயவில்லை.

இந்தத் தம்பியைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். சாதாரணதரம் படிப்பவன். ஓரிடத்தில் இருக்கமாட்டான். வகுப்பிலே அவனுக்கு வழங்கும் பெயர் குழப்படிக்காரன். படிப்பை விட்டுவிட்டு மோட்டார் திருத்தும் இடத்துக்குப் போகப்போவதாகத் தாயாரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். தடமிடும் வேலையை அவனிடம் ஒப்படைத்தேன். கருவாட்டுத் துண்டைத் துணியிற் கட்டி, கயிற்றில் இழுத்துக்கொண்டு, வளவைச் சுற்றி, தோட்டவரம்பின் வழியே, பனங்கூடல் வரை போவான். முடிவில் சிரட்டையொன்றின் கீழே அவித்த முட்டைத் துண்டை வைப்பான். பின்னர் நான் ஞாளியை நீண்ட கயிற்றிற் பிடித்துக்கொண்டு புறப்படுவேன்.

முதல் நாள் அவள் ஓடிய ஓட்டம் இன்னும் கண்முன் நிற்கிறது. வால் கொடிபோல எழுந்தது. மூக்கு நிலத்தில் எழுத்தெழுத்தாக வாசித்துச் சென்றது. தடம் திரும்பிய இடத்தில் சிறிது தயங்கி, இடமும் வலமும் மோந்து, வழி கண்டவுடன் அந்த நெடுங்குரலை எடுத்தாள். அதே குரல்தான். மாமரத்தடியில் ஒப்பாரியாகக் கேட்ட குரல் அன்று பனங்கூடலில் வெற்றி முழக்கமாகக் கேட்டது. குரல் மாறவில்லை, அதற்கு விடை கிடைத்தது.

காலையில் ஒரு மணித்தியாலம், வெயில் தாழ்ந்தபின் முக்கால் மணித்தியாலம். நடுப்பகலில் விடுவதில்லை, யாழ்ப்பாணத்துக் கோடை ஆங்கில நாய்க்கு உகந்ததன்று. ஆறு கிழமையில் வீடு அமைதியாயிற்று. வேலி தோண்டுதல் நின்றது. இரவு ஓலம் நின்றது. நான் பாடம் சொல்லும்போது அவள் திண்ணையிற் படுத்து, கண்ணை மூடி, புணரியலையும் பதவியலையும் பொறுமையோடு கேட்பாள். கோழிக்குரியவரின் பக்கத்து வேலியை மாத்திரம் அடியில் கல் பதித்து அடைத்தோம். சாத்திரம் வேறு, சாத்திரத்தை நம்பிக் கோழியை விடுதல் வேறு.

தம்பியும் ஒரு கொப்பி வைத்திருந்தான். எந்நாள், எவ்வழி, காற்று எப்பக்கம், மழை பெய்த ஈரம் உண்டோ இல்லையோ, ஞாளி எத்தனை நிமிடத்திற் கண்டாள், எங்கே தடுமாறினாள் என்று நாள்தோறும் குறித்தான். ஒருநாள் அதை வாங்கிப் பார்த்தேன். வகுப்பில் நான்கு வரிக் கட்டுரைக்கு நாற்பது தரம் பேனையைக் கடிப்பவன், நாற்பது பக்கம் எழுதியிருந்தான். எழுத்துப்பிழை உண்டு, பொருட்பிழை ஓரிடத்தும் இல்லை. மழை பெய்து ஓய்ந்த காலையில் மணம் நன்றாக நிலைக்கிறது, காய்ந்த மணலில் விரைவிற் கெடுகிறது என்பதைத் தானே கண்டு எழுதியிருந்தான்.

கடைசி வாங்கு

ஆசிரியர்க்கு ஒரு செய்தி சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். கனடா நாட்டு உளவியலாளர் ஸ்ரான்லி கோரன் என்பவர் 1994 இல் நாயின் அறிவைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கீழ்ப்படிதற் போட்டிகளின் நடுவர்கள் கொடுத்த மதிப்பீட்டைத் திரட்டி, நாயினங்களை வரிசைப்படுத்தினார். இட்ட கட்டளையை எத்தனை தரம் கேட்டு அறிகிறது, முதற் கட்டளைக்கே பணிகிறதா என்பன அளவுகோல். அந்த வரிசையில் பீகிள் கடைசித் தொகுதியில் நிற்கிறது. அதனோடு கூட நிற்பது பிளட்கவுண்ட் என்னும் நாய். மோப்பத்தில் உலகில் முதன்மை பெற்ற இரண்டு இனங்கள் பரீட்சையில் கடைசி வாங்கில் இருக்கின்றன!

நூலாசிரியர் மீது குற்றம் இல்லை. வேலை செய்வதிலும் கீழ்ப்படிவதிலும் உள்ள அறிவையே தாம் அளந்ததாகவும், நாய்க்கு இயல்பூக்க அறிவு முதலிய வேறு அறிவும் உண்டென்றும் அவரே பிரித்துக் கூறுகிறார். குற்றம் வரிசையை மாத்திரம் வாசித்து நூலை வாசியாதவரிடத்தது. பீகிள் தலைவனுடைய முகத்தை நோக்கி நிற்பதற்கு உண்டாக்கப்பட்டதன்று; தலைவனுக்கு முன்னே, அவன் காணாததைத் தேடிப் போவதற்கு உண்டாக்கப்பட்டது. முன்னே போகும் தொழிலுடையவனைப் பார்த்து, ஏன் பின்னே பார்க்கவில்லை என்று வினாத்தாள் கேட்கிறது.

அதே பீகிளை அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1984 முதல் விமான நிலையத்தில் பணிக்கு அமர்த்தியது. பயணிகளின் பொதிகளில் மறைந்துவரும் பழத்தையும் இறைச்சியையும் அது மோந்து காட்டுகிறது. நாற்புறமும் சனக்கூட்டம், ஓசை, நெருக்கம். கடைசி வாங்கு மாணவன் அங்கே கலங்காமல் தன் கடமையைச் செய்கிறான். தகுந்த வினா கேட்கப்பட்டதே காரணம்.

அதன் சாந்த குணம் அதற்கே பகையானதும் உண்டு. சிற்றுடம்பும் பொறுமையும் உடையதாதலின் மருந்து ஆய்வுகூடங்களில் மிகுதியாகப் பயன்படும் நாய் பீகிளே. 2022 இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், ஆய்வுக்கென நாய்களைப் பெருக்கிய நிலையம் ஒன்றிலிருந்து ஏறக்குறைய 4,000 பீகிள்கள் நீதிமன்றத்தின் இசைவோடு விடுவிக்கப்பட்டு, பல மாநிலங்களில் வீடுகளுக்குக் கொடுக்கப்பட்டன. எங்கள் ஒழுங்கையில் ஒன்று அவிழ்க்கப்பட்ட அதே ஆண்டில், கடலுக்கு அப்பால் நாலாயிரம் அவிழ்க்கப்பட்டன என்று பின்னர் அறிந்தபோது, ஞாளிக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவள் பத்திரிகையை மோந்து பார்த்தாள்.

மணமில்லாத குரல்

சென்ற ஆண்டு, கனடா சென்ற அக்குடும்பத்தார் தொலைபேசியில் அழைத்தார்கள். அவர்களுடைய சிறுமகள் ஒவ்வொரு நாளும் நாயைக் கேட்கிறாளாம். ஒருதரம் முகத்தைக் காட்டமுடியுமா என்று கேட்டார்கள். மாலையில் கைத்தொலைபேசியைத் திண்ணையில் வைத்தோம். திரையில் சிறுமியின் முகம் தோன்றிற்று. அவள் தான் முன்பு இட்ட பெயரைச் சொல்லி அழைத்தாள்.

ஞாளி துள்ளி எழுந்தாள். அந்தக் குரலை அவள் மறக்கவில்லை. வால் விரைந்து ஆடியது. தொலைபேசியின் முன்னே வந்து மோந்தாள். பின்னே போய் மோந்தாள். தூணைச் சுற்றினாள், படலைவரை ஓடி ஒழுங்கையை மோந்தாள், திரும்பிவந்து மறுபடியும் மோந்தாள். குரல் இருந்தது, மணம் இல்லை. சிறுமி அழைத்துக்கொண்டேயிருந்தாள். ஞாளி சிறிது நேரம் திரையைப் பார்த்து நின்றாள். பிறகு மெல்ல வந்து என் காலடியிற் படுத்துக்கொண்டாள். சிறுமி அழுதாள். என் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எங்கள் இரு பிள்ளைகளும் கடலுக்கு அப்பாலிருந்தே பேசுகிறவர்கள்.

குரலையும் உருவத்தையும் அனுப்பும் கருவி வந்துவிட்டது. நாம் அதைக்கொண்டு மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். நாய் அவ்வாறு தேறுவதில்லை. அதற்கு அண்மையே அன்பு. ஆகவேதான், போகும்போது நாயை யாரிடத்தில் விடுவது என்பது, வீட்டுத் திறப்பை யாரிடத்தில் கொடுப்பது என்பதினும் பெரிய வினாவாகிறது.

இன்று நம்மவர் பலர் அழகிய குட்டியைக் கண்டு வாங்குகின்றனர். வாங்குமுன் மூன்றை எண்ணுக. ஒன்று, அது பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டு வரை வாழும். அத்தனை காலமும் அதற்கு ஆள் உண்டோ? இரண்டு, தடுப்பூசியும் உண்ணி மருந்தும் காதுச் சுத்தமும் உணவைப்போலவே நாள் தவறாமல் வேண்டும். அதற்குப் பொருளும் பொறுமையும் உண்டோ? மூன்று, அது எத்தொழிலுக்கு உண்டானது; அத்தொழிலுக்கு ஈடாக நாம் கொடுக்க இருப்பது யாது? மூன்றாவது வினாவை எவரும் கேட்பதில்லை. கைவிடப்படும் வேட்டைநாய்களுட் பல அந்தக் கேளாத வினாவினால் கைவிடப்படுகின்றன.

கைவிடப்பட்ட ஒன்றை எடுத்து வளர்ப்போர்க்கும் ஒரு சொல். சங்கிலியை அவிழ்ப்பது மீட்பின் பாதி. சோறு வைப்பதும் புண்ணுக்கு மருந்திடுவதும் அந்தப் பாதிக்குள்ளேயே அடங்கும். எதனைச் செய்ய அது பிறந்ததோ அதனைக் குற்றமில்லாத வகையில் செய்ய இடங்கொடுப்பதே மற்றப் பாதி. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஒரு கயிறு, ஒரு சிரட்டை, ஒரு பனங்கூடல், நாள்தோறும் ஒரு மணித்தியாலம், தடமிட்டுத்தர ஒரு குழப்படிக்காரன் போதும்.

அந்தத் தம்பி இவ்வாண்டு உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறான். கொப்பியையும் விடவில்லை, இப்பொழுது அது மூன்றாவது கொப்பி.